கேள்வி பதில்: பிள்ளைங்க சம்மதத்த யாரு கேக்குறா?

கேள்வி: நான் இங்க மொரிஷியஸ்ல ஒரு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் டீச்சர். ஆராய்ச்சி பண்ற ஒரு பொண்ணு கிரேட் 5, கிரேட் 6 பிள்ளைங்ககிட்ட மொழி, அடையாளம் பத்தி பேசி ரெக்கார்ட் பண்ணணும்னு வந்திருக்காங்க. ஹெட் டீச்சர் சரின்னுட்டாங்க. வீட்டுக்கு இங்கிலீஷ்ல ஒரு கடுதாசி போகுது, 'விருப்பம் இல்லன்னா மட்டும் கையெழுத்து போட்டு திருப்பி அனுப்புங்க'ன்னு இருக்கு. இது போதுமா? தமிழுக்கு நல்லது நடக்குற விஷயத்துல நான் குறுக்க நிக்கிற மாதிரி ஆயிடுமோன்னும் யோசனையா இருக்கு.
– பெயர் வேண்டாம், ரோஸ் ஹில்

பதில்: போதாது டீச்சர். அந்தப் பொண்ணு மேல தப்புன்னு சொல்ல வரல, ஆராய்ச்சி ரொம்ப தேவைதான், நம்ம பிள்ளைங்க தமிழ எப்படி பாக்குறாங்கன்னு யாராவது உக்காந்து கேட்டாத்தானே தெரியும். ஆனா ஹெட் டீச்சர் சரின்னது ஸ்கூல் வாசல தாண்டி உள்ள வர்றதுக்கான அனுமதி மட்டும்தான், பிள்ளையோட வாய்லேர்ந்து வர்ற வார்த்தைய எடுத்துக்கிறதுக்கு அது அனுமதி ஆகாது.

முதல்ல கடுதாசி. நம்ம 2017 டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டம் 16 வயசுக்கு கீழ உள்ள பிள்ளையோட தனிப்பட்ட விவரத்த பெத்தவங்க இல்லன்னா கார்டியன் சம்மதம் இல்லாம கையாளக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது, அதோட சம்மதம் குடுத்தாங்கன்னு காட்ட வேண்டிய பொறுப்பு விவரத்த வாங்குறவங்களோடது. அப்போ பை அடியில கசங்கிக் கிடந்து அம்மா கண்ணுலயே படாத ஒரு பேப்பர் எப்படி சம்மதம் ஆகும்? திரும்பி வரலன்னா 'சரி'ன்னு எடுத்துக்கிறது ஆராய்ச்சி பண்றவங்களுக்கு சுலபம், அவ்வளவுதான். கிரேட் 5 பிள்ளைக்கு பத்து வயசுதான் இருக்கும், 'சரி'ன்னு எழுதி கையெழுத்து போட்டு திரும்பி வந்த பேப்பர் இருக்குற பிள்ளைய மட்டும் சேத்துக்கங்கன்னு சொல்லுங்க. கடுதாசி இங்கிலீஷ்ல மட்டும் போறதும் சரியில்ல, இங்க எல்லாரும் பேசுற கிரியோல்லயும் ஃப்ரெஞ்சுலயும் அனுப்பணும், வாசிக்க முடியாத பாட்டிதான் பிள்ளைய வளக்குறாங்கன்னா யாராவது உக்காந்து வாசிச்சுக் காட்டணும்.

இன்னொண்ணு, இது சும்மா 'உனக்கு எந்த கலர் புடிக்கும்'ங்கிற மாதிரி கேள்வி இல்ல. இன அடையாளம், மத நம்பிக்கை எல்லாத்தையும் அந்தச் சட்டம் தனியா கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விவரம்னு வச்சிருக்கு, நம்ம ஊர்ல ஒரு பிள்ளைகிட்ட 'வீட்டுல என்ன பேசுவ, நீ யாரு'ன்னு கேட்டா பதில் நேரா அங்கதான் போய் நிக்கும். 1972க்கு அப்புறம் மக்கள் கணக்கெடுப்புல எந்த சமூகம்னு கேக்குறதே இல்ல, ஆனா எலெக்‌ஷன்ல தோத்தவங்கள்ல சமூகக் கணக்கு பாத்து சிலருக்கு குடுக்குற பெஸ்ட் லூசர் சீட்டுக்கு அந்த 1972 கணக்கத்தான் அடிப்படையா வச்சிருக்காங்க, அதுல தமிழருக்குன்னு தனியா இடம் கிடையாது, இந்துங்கிற கணக்குல போயிடும். 1998ல புது ரூபா நோட்டுல தமிழுக்கு மேல ஹிந்திய போட்டதுக்கு எவ்வளவு பெரிய எதிர்ப்பு கெளம்புச்சு, நோட்டையே வாபஸ் வாங்க வேண்டியதாச்சே. பெரியவங்களே இப்படி கொதிச்ச ஒரு விஷயத்த பத்து வயசுப் பிள்ளை முன்னாடி வச்சு ரெக்கார்டர ஆன் பண்றாங்க, அதுக்கு எவ்வளவு பக்குவம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

2011 கணக்கெடுப்புலயே நூத்துக்கு 80 பேருக்கு மேல வீட்டுல கிரியோல்தான்னு சொன்னாங்க. நம்ம பிள்ளைங்களும் அதுல அடக்கம். பாட்டி சோறு போட்டுட்டு 'வின் மான்ஸே' (வா, சாப்பிடு)ன்னுதான் கூப்பிடுவாங்க, பிள்ளையும் கிரியோல்லயே பதில் சொல்லிட்டு வந்து உக்காரும், கோயில்ல தேவாரம் பாடும், காவடிக்கு விரதம் இருக்கும். அந்தப் பிள்ளைகிட்ட தமிழ் டீச்சர் நீங்க பக்கத்துல நிக்கிறப்ப 'வீட்டுல என்ன மொழி'ன்னு கேட்டா என்ன சொல்லும்? உங்க முகத்த ஒரு தடவ பாக்கும், 'தமிழ்'னு சொல்லும். உங்களுக்கு சந்தோஷமா இருக்கும், ஆராய்ச்சி கெட்டுப் போச்சு, பிள்ளை மனசுலயும் பொய் சொல்லிட்டோமேன்னு ஒண்ணு உக்காந்துக்கும். அதனால பேட்டி நடக்குறப்ப நீங்க ரூம்ல இருக்காதீங்க, சம்மதம் கேக்குறதும் நீங்களா இருக்க வேணாம், மார்க் போடுற கை கேட்டா பிள்ளை மாட்டேன்னு சொல்லாது. பிள்ளை பாதுகாப்புக்கு பெரியவங்க யாராவது கண்ணு எட்டுற தூரத்துல இருக்கணும்தான், காது எட்டுற தூரத்துல வேணாம்.

அப்புறம்தான் முக்கியமானது. அம்மா கையெழுத்து வந்துட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க, இல்ல, பிள்ளைகிட்ட தனியா கேக்கணும். ஐநாவோட 1989 குழந்தை உரிமை ஒப்பந்தத்துல 12வது பிரிவு, தன்னப் பத்தின விஷயத்துல பிள்ளைக்கு கருத்து சொல்ல உரிமை உண்டு, வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்தபடி அதுக்கு மதிப்பு குடுக்கணும்னு சொல்லுது, மொரிஷியஸ் அதுல 1990லயே சேந்தாச்சு. கேக்குற விதமும் இருக்கு, 'அக்கா ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, உதவி பண்ணுவியா'ன்னு கேட்டா அது கேள்வியே இல்ல, எந்தப் பிள்ளை மாட்டேன்னு சொல்லும். 'நான் நீ பேசுற மொழிய பத்தி கேப்பேன், உன் குரல் இதுல பதிவாகும், அத நானும் எங்க சாரும் மட்டும் கேப்போம், புடிக்கலன்னா இப்பவே சொல்லலாம், நடுவுல எழுந்தும் போலாம், டீச்சர் திட்ட மாட்டாங்க, மார்க்குல ஒண்ணும் குறையாது'ன்னு பிள்ளைக்குப் புரியிற கிரியோல்ல சொல்லிட்டு, 'இப்ப நான் என்ன சொன்னேன், நீ சொல்லு பாப்போம்'னு திருப்பி கேக்கணும். பிள்ளை தன் வார்த்தையில சொன்னாத்தான் புரிஞ்சுதுன்னு அர்த்தம். தலையாட்டுறத கணக்குல எடுக்காதீங்க.

மாட்டேன்னு சொன்ன பிள்ளைங்கள என்ன பண்றதுன்னு முதல்லயே யோசிச்சு வைங்க டீச்சர், இத நிறைய பேர் விட்டுடுறாங்க. எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டு இருக்கிறப்ப ரெண்டு பிள்ளைய மட்டும் பின் பெஞ்சுல எழுத வச்சா அது தண்டனைதான், அடுத்த நாளே அதுங்களும் சரின்னு சொல்லிடும். நல்ல கதையோ படம் வரையிறதோ அதே அளவு சுவாரசியமா ஒரு வேலை குடுங்க. பேனா, சாக்லேட் குடுக்குறதா இருந்தா வகுப்புல எல்லாருக்கும் குடுக்கட்டும்.

கடைசியா பேரு. 'பேர மாத்திடுவோம்'னு சொல்லுவாங்க. தமிழ் எடுக்குற பிள்ளைங்க உங்க வகுப்புல எத்தன பேரு? பத்துப் பேர் இருந்தா பெரிய விஷயம். 'தெற்குப் பக்கத்து கிராமம், கிரேட் 6, அப்பா கோயில் பூசாரி'ன்னு எழுதினா பேர் எதுக்கு, ஊரே கண்டுபுடிச்சிடும். குரல் பதிவும் அப்படித்தான். எந்த ஊரு, எந்த ஸ்கூல்னு எழுதுவாங்களா, ரெக்கார்டிங் யாருகிட்ட இருக்கும், எப்ப அழிப்பாங்க, ஆராய்ச்சி முறையா நடக்குதான்னு பாக்குற யூனிவர்சிட்டி எத்திக்ஸ் கமிட்டியோட ஒப்புதல் பேப்பர் எங்க, இதெல்லாம் கேளுங்க. நல்லா வேலை செய்யுற பொண்ணுன்னா கோச்சுக்காது, பதில் ரெடியா வச்சிருக்கும்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. ஸ்கூல்ல 2012லேர்ந்து கிரியோலும் ஒரு விருப்பப் பாடமா வந்துச்சு இல்லயா, நாங்க தமிழ்தான் எடுக்க வச்சோம். இப்ப அத பத்தி ஒரு ஆராய்ச்சிக்கு நான் கையெழுத்து போட்டேன், அவன் ஒரு தடவ பேசிட்டு இனிமே போக மாட்டேங்குறான். பேச்ச குடுத்துட்டு பின்வாங்குறது மரியாதையா இருக்குமா?
– ஒரு அம்மா, காத்ர் போர்ன்

பதில்: தாராளமா பின்வாங்கலாம்மா, குடுத்த சம்மதத்த எப்ப வேணா திருப்பி எடுத்துக்கலாம்னு சட்டமே சொல்லுது, காரணம் சொல்லணும்னு அவசியம் இல்ல. உங்க கையெழுத்து அவனுக்குப் பாதுகாப்பா இருக்கணும்னுதான் கேக்குறாங்க, அவன இழுத்துட்டுப் போறதுக்கு இல்ல. 'ஏன்டா'ன்னு குடையாதீங்க, ஒருவேளை தமிழ் எடுத்ததுல அவனுக்கு வருத்தமா இருக்கலாம், நீங்க கேட்டுடுவீங்களோன்னு பயமாவும் இருக்கலாம், அது அவன் உங்ககிட்ட நேரா சொல்ல வேண்டிய விஷயம், ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட 'எம்புள்ள என்ன சொன்னான்'னு கேட்டு தெரிஞ்சுக்காதீங்க, அவங்களும் சொல்லக் கூடாது. ஏற்கனவே பேசின ரெக்கார்டிங்கையும் அழிச்சிடுங்கன்னு எழுதிக் கேளுங்க, பேர எடுத்துட்டு எல்லாத்தோடயும் கலந்துட்டா அப்புறம் பிரிச்சு எடுக்குறது கஷ்டம், அதனால இந்த வாரமே எழுதிடுங்க. பதில் வரலன்னா முதல்ல எத்திக்ஸ் கமிட்டிக்கு, அப்புறம் டேட்டா ப்ரொடெக்‌ஷன் ஆஃபீசுக்கு புகார் குடுக்கலாம்.

கேள்வி: எனக்கு 17 வயசு. நானே கையெழுத்து போட்டு கலந்துக்கலாமா, அம்மா அப்பாவுக்கு சொல்லணுமா?
– மாணவி, வக்கோவா

பதில்: டேட்டா சட்டத்துல பெத்தவங்க சம்மதம் கட்டாயம்ங்கிறது 16க்கு கீழதான்மா. ஆனா 2020 சில்ட்ரன்ஸ் ஆக்ட் படி 18 வரைக்கும் நீ குழந்தைதான், அதனால எத்திக்ஸ் கமிட்டி அம்மா அப்பா கையெழுத்தும் வேணும்னு சொல்லலாம், ஃபார்ம்ல என்ன போட்டிருக்குன்னு பாரு. ஃபார்மோட ஒரு காப்பி உன் கையில இருக்கட்டும், ஆராய்ச்சி பண்றவங்க பேரு, போன் நம்பர், அவங்க சூப்பர்வைசர் பேரு மூணும் அதுல இருக்கணும். அது இல்லாத பேப்பர்ல கையெழுத்து போடாத.