கிரீன் கார்டில் வந்தவருக்கு அமெரிக்க ராணுவம்: முழுநேரமா, பகுதிநேரமா?

தம்பி, டெக்சஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது, கையில் கிரீன் கார்டு, வயது 24, திருச்சியில் முடித்த பி.காம். இங்கே யார் கண்ணிலும் படவில்லை, பெட்ரோல் பங்கில் இரவு வேலை, ராணுவத்தில் முழுநேரம் சேரலாமா, மாதம் ஒரு வார இறுதி மட்டும் போகும் நேஷனல் கார்ட் என்ற பகுதிநேர ராணுவக் காவல்படை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஒப்பந்தக் காலம் முழுநேரம் இருந்துவிட்டு அப்புறம் காவல்படைக்கு மாறியவன் நான். உங்கள் நிலைமைக்கு முழுநேரம்தான் சரி என்பேன்.

பகுதிநேரம் என்றால் பாதிச் சுமை என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எதில் சேர்ந்தாலும் கையெழுத்துப் போடுவது மொத்தம் 8 வருடக் கடமைக்கு. தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி 10 வாரம், அதன்பின் தொழில் பயிற்சி, எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான், அதே சார்ஜென்ட், அதே திட்டு. வித்தியாசம் பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போதுதான் தெரியும். காவல்படையில் ஒரு வார இறுதிக்கு நான்கு 'டிரில்' (பயிற்சி அமர்வு) கணக்கு, அதாவது நான்கு நாள் அடிப்படைச் சம்பளம், வருடத்தில் சுமார் இரண்டு வாரம் முகாம். அதை வைத்து வாடகை கட்ட முடியாது. முழுநேரத்தில் தங்க இடம் அல்லது வரியில்லாத வீட்டுப்படி, சாப்பாடு, வருடம் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, நாளைக்குக் கல்யாணம் ஆனால் மனைவி பிள்ளைகளுக்கும் பிரீமியம் இல்லாத டிரைகேர் மருத்துவக் காப்பீடு. பகுதிநேரக்காரரும் டிரைகேர் வாங்கலாம், மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வெளியில் விற்கிற காப்பீட்டோடு ஒப்பிட்டால் அது மலிவுதான், மறுக்கவில்லை.

படிப்பு விஷயத்தில்தான் இடைவெளி பெரிது. 36 மாதம் முழுநேரம் பணிசெய்து நல்லபடியாக வெளியே வந்தால் ஜிஐ பில் எனும் ராணுவத்தினருக்கான கல்வி உதவி முழுசாகக் கிடைக்கும்: மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவருக்கான கட்டணம் மொத்தமும், மேலே வீட்டுப்படியும், 36 மாதத்துக்கு. காவல்படையில் 6 வருட ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் ஜிஐ பில் வேறு வகை, தொகை ரொம்பக் குறைவு. மாநிலம் தரும் கல்வி உதவியும் உண்டு, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இன்னொன்று, காவல்படைக்கு எஜமானர்கள் இரண்டு பேர், ஆளுநரும் ஜனாதிபதியும். 2017-இல் ஹார்வி புயலின்போது டெக்சஸ் ஆளுநர் ஏறக்குறைய 12,000 பேர் கொண்ட மொத்தப் படையையும் கூப்பிட்டார். 2021-இல் எல்லைக் காவலுக்கு ஆயிரக்கணக்கானோரை மாதக்கணக்கில் அனுப்பினார்கள், பலருக்கு முன்னறிவிப்பே சொற்பம். ஆளுநர் உத்தரவில், மாநிலச் செலவில் நிற்கும் அந்த நாட்கள் ஜிஐ பில் கணக்கில் சேராது, இதைச் சேர்க்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். சாதாரண டிரில் சனிக்கிழமை எப்படி என்றால், விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று, பகல் முழுக்க லாரிக்கு அடியில் படுத்து எண்ணெய்க் கசிவு பார்த்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் படிவத்தில் டிக் அடித்து, ஞாயிறு இரவு டீசல் வாடையோடு வீடு வந்து, திங்கள் காலை அலுவலகத்தில் உட்கார வேண்டும். நிலையான வேலை, பிள்ளைகளின் பள்ளி, சொந்த வீடு என்று வேர் பிடித்தவருக்கு இது ஒத்துவரும். கூப்பிட்டுப் போனால் மொத்தம் 5 வருடம் வரை அந்த வேலையைக் காக்கும் சட்டமும் 1994 முதல் இருக்கிறது. உங்களுக்கு இப்போது காப்பாற்ற என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்?

ஓய்வூதியமும் அப்படித்தான். முழுநேரம் 20 வருடம் முடித்தால் மறுமாதமே பென்ஷன், பகுதிநேரத்தில் பொதுவாக 60 வயது வரை காத்திருக்க வேண்டும்.

குடியுரிமைக்கு இரண்டு வழியும் உதவும், விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஆனால் 5 வருடத்துக்குள் கெட்ட பெயரோடு வெளியேற்றினால் அப்படி வாங்கிய குடியுரிமையைப் பறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அதைவிட நம் ஊர்க்காரர் கவனிக்கத் தவறுவது ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் ஊர் வந்துபோகத் தரும் அட்டை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் அது கிடையாது என்பது இந்திய அரசின் விதி, பகுதிநேரத்துக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு அப்பா அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவதானாலும் விசா எடுக்க வேண்டியதுதான். திருச்சியில் வீடு, நிலம் என்று யோசனை இருந்தால் சேர்வதற்கு முன்பே குடும்பத்தோடு பேசிவிடுங்கள்.

கடைசியாக, குடியுரிமை இல்லாமல் அதிகாரி ஆக முடியாது, ரகசிய அனுமதி தேவைப்படும் கணினி, உளவு வேலைகளும் கிடைக்காது. மருத்துவ உதவியாளர், சரக்குக் கணக்கு, வண்டி பழுது போன்றவை திறந்திருக்கும், பி.காம்.காரருக்குச் சரக்குக் கணக்கு சுலபமாக வரும். பட்டம் அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் எவ்வளவு என்று மதிப்பீடு செய்து எடுத்துப் போங்கள், அந்தக் கல்லூரி கிரெடிட்டுகளால் தொடக்க ரேங்க் கூடும், சம்பளமும் கூடும். ஆள் சேர்ப்பவர் இனிக்க இனிக்கப் பேசுவார், போனஸ், வேலை, ஊர் எதுவானாலும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.