கூறப்படுகிறது

அன்புள்ள ஐயா,

இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வட இந்தியக் கிராமப்புறப் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தின் கவிதா தேவி, மீரா தேவி ஆகியோரின் பேட்டிகளைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. எங்கள் வட்டாரத்தில் பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை ஆய்வேட்டுக்கு எடுக்க விரும்பினேன். “நீயும் அந்தச் சமூகம்தானே, சார்பு வந்துவிடும். சினிமா விமர்சனம் பற்றி ஏதாவது செய்” என்கிறார் வழிகாட்டி. எனக்கு அந்தப் பெண்களின் தைரியம் இல்லை. நான் என்னென்ன படிக்க வேண்டும்? நாளிதழில் சேர்வதா, யூடியூப் சேனல் தொடங்குவதா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். கல்லூரியையும் ஊரையும் சேர்த்தே எடுத்துவிட்டேன்.

முதலில் உங்களைக் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். தைரியம் இல்லை என்கிறீர்களே, உங்களிடம் அதை யார் கேட்டார்கள்? அந்தப் பெண்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் வீரம், வீராங்கனை என்று மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் பார்த்த வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட மாவட்டத்தில், கர்வி என்ற சிறு நகரத்தில், 2002 மே மாதம் ‘கபர் லஹரியா’ பத்திரிகையாகத் தொடங்கியது. கவிதா தேவிக்குப் பன்னிரண்டு வயதில் திருமணம் நடந்தது. அப்படிப்பட்டவர்கள்தான் செய்தி சேகரித்தார்கள், தங்கள் வட்டார மொழியான புந்தேலியில் எழுதினார்கள், அச்சானதும் பத்திரிகைக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் இரண்டு ரூபாய்க்கு விற்றார்கள். விற்கப் போகிற ஊரில்தான் செய்தியில் அடிபட்ட ஆளும் உட்கார்ந்திருப்பார். ஒரு பெயர் தவறாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திக் கேட்டுவிடுவார். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பக்கம் முடித்த எங்களில் யாருக்கும் இப்படியொரு தணிக்கை இருந்ததில்லை.

மிரட்டல் இல்லை என்று சொல்லவில்லை. 2015இல் ஒருவன் அந்த நிருபர்களைத் தொலைபேசியில் மாதக்கணக்கில் ஆபாசமாகத் தொல்லை செய்தான். புகார் கொடுத்தும் ஒன்றும் நகரவில்லை. அவர்கள் அதைப் பொதுவெளியில் எழுதிய பிறகுதான் அவன் கைதானான். அங்கேயும் அவர்களுக்குக் கைகொடுத்தது எழுத்துத்தான்.

இப்போது உங்கள் வழிகாட்டியின் அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சார்பு. அது எனக்குள் முப்பது வருடமாகக் கிடக்கும் முள்.

1990களின் நடுவில் நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் துணை ஆசிரியர். பயிற்சிக்காக ஒரு பெண் வந்தார். சேரியிலிருந்து வந்த பெண் என்பது முதல் வாரத்திலேயே அலுவலகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. யாரும் நேரடியாகக் கேட்கவில்லை. “எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள், அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுகிற நாம், தெருவைக் கேட்டே தெரிந்துகொள்ளும் வித்தையில் தேர்ந்தவர்கள்.

ஒரு நாள் அவர் ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். இரட்டைக் குவளை. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், சேரிக்காரர்களுக்கு ஆணியில் தொங்கும் அலுமினிய டம்ளர். குடித்தபின் அவர்களே கழுவி மாட்டிவிட வேண்டும். “எனக்கு அலுமினிய டம்ளர் தரப்பட்டது. குடித்தேன். கழுவி மாட்டினேன்” என்று மூன்று வாக்கியம் எழுதியிருந்தார். அவ்வளவு சுத்தமான தமிழை அந்த மேசையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து ‘எனக்கு’ என்பதை அடித்தேன். “குறிப்பிட்ட ஒரு பிரிவினருக்குத் தனிக் குவளையில் தேநீர் வழங்கப்படுவதாகக் கூறப்படுகிறது” என்று திருத்தினேன். நடுநிலையைக் காப்பாற்றிவிட்ட நிறைவு எனக்கு. மறுநாள் அதைப் பார்த்துவிட்டு அவர் மேசைக்கு வந்தார்.

“யார் சார் கூறினார்கள்?”

குடித்தவர் எதிரில் நிற்கிறார். நான் ‘மரபு’ என்றேன், ‘நடை’ என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதே பக்கத்தில் ஓர் ஊர்ப் பெரிய மனிதர் கோயிலுக்கு வெள்ளிக் கவசம் கொடுத்த செய்தி. எத்தனை கிலோ என்று எவரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. அதில் ‘கூறப்படுகிறது’ இல்லை. வழங்கினார் என்றே போட்டிருந்தேன். நான் ஊர்த்தெருவில் பிறந்தவன், அந்தக் கடையில் எனக்குக் கண்ணாடி டம்ளர்தான் வந்திருக்கும். அது சார்பு என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் முடிந்ததும் அவர் போய்விட்டார். நிரந்தரம் செய்யவில்லை. காரணம் எழுதப்பட்ட தாள் எதையும் நான் பார்க்கவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1996இல், டெல்லியில் பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர், வெளிநாட்டு நிருபர் ஒருவர் கேட்டதற்காக ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலில் 454 பேர் சாதிப் பெயரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தலித் இல்லை. மற்றவர்களிலும் சிலரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். அங்கும் கிடைக்கவில்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஊடகத் தலைமைப் பதவிகளைக் கணக்கெடுத்தபோது 121 இடங்களில் 106இல் உயர்சாதியினர் இருந்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரும் இல்லை. இத்தனை பேரிடமும் எந்த வழிகாட்டியாவது “நீங்களும் அந்தச் சமூகம்தானே” என்று கேட்டிருப்பாரா?

சார்பு வரும் என்று பயந்தால் அதற்கு மருந்து சரிபார்ப்புத்தான். 2022இல் கபர் லஹரியாவைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நாமாக இருந்தால் பட்டாசு வெடித்திருப்போம். அவர்களோ ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நாங்கள் ஒரே கட்சியைத் துரத்திக்கொண்டிருப்பதுபோல் படம் காட்டுகிறது, அது எங்கள் பணியின் முழு உண்மை அல்ல என்றார்கள். தங்களைப் புகழ்ந்த படத்துக்கே திருத்தம் போட்டவர்களிடம் நடுநிலை பற்றி உங்கள் வழிகாட்டி ஒரு வகுப்பு கேட்கலாம்.

படிக்க வேண்டிய புத்தகப் பட்டியலெல்லாம் தர மாட்டேன், நூலகத்துக்குப் போங்கள். யூடியூபா நாளிதழா என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆய்வேட்டுத் தலைப்பை மட்டும் மாற்றாதீர்கள். அந்தத் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்கிறார்களா, தரையிலா, கொடியேற்றியது யார், காசோலையில் கையெழுத்து யாருடையது, அதை எழுதச் சொன்னது யார் என்று போய்ப் பாருங்கள். பார்த்ததைப் பார்த்தேன் என்றே எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். படிக்கிறேன். பேனாவை எடுக்க மாட்டேன்.