பேட்ஜரை விட்டு சிந்தெடிக் பிரஷ்ஷுக்கு மாறலாமா? கேள்வி பதில்

பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த ஷேவிங் பிரஷ்ஷை மாற்றிவிட்டுச் செயற்கை இழை (சிந்தெடிக்) பிரஷ் வாங்க நினைப்பவர்கள் கேட்டவையும், அவற்றுக்கு என் பதில்களும்.

கேள்வி: வருடக்கணக்கில் பேட்ஜர்தான் சார். இப்போது தினமும் நாலு முடி கொட்டி முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதே உணர்வைத் தரும் சிந்தெடிக் எது?

அச்சு அசலாக அதே உணர்வு தருவது எதுவும் இல்லை. அதைத் தேடிப் போனால் வாங்குவதெல்லாம் ஏமாற்றமாகத்தான் தெரியும். உங்கள் பழைய பிரஷ்ஷில் எது பிடித்திருந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதை நனைத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். நுனியின் மென்மையா, அழுத்தும்போது எதிர்த்து நிற்கிற விறைப்பா, இல்லை தண்ணீரையும் சூட்டையும் பிடித்து வைத்திருப்பதா? முதல் இரண்டும் சிந்தெடிக்கில் தாராளமாகக் கிடைக்கும். மூன்றாவது கிடைக்காது. பேட்ஜர் முடி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். அது தண்ணீரை உள்ளேயே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். செயற்கை இழை உறிஞ்சாது, இழைகளுக்கு நடுவில்தான் தண்ணீர் நிற்கும்.

மென்மைதான் வேண்டும் என்றால் ப்ளிஸ்ஸாஃப்ட் வகையைப் பாருங்கள், அல்லது ம்யூலே நிறுவனத்தின் சில்வர்டிப் ஃபைபர். மென்மையோடு கொஞ்சம் விறைப்பும் வேண்டுமென்றால் டக்ஸீடோ என்ற பெயரில் வரும் இழை, அடி கருப்பு, நுனி வெள்ளை. என்னைக் கேட்டால் பேட்ஜரிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் பிரஷ்ஷாக டக்ஸீடோவைத்தான் சொல்வேன். ப்ளிஸ்ஸாஃப்ட் பலருக்கு "முகத்தில் ஒன்றுமே படவில்லையே" என்று தோன்றும்.

இன்னொன்று. விலங்கு முடி பிரஷ் பழகப் பழகக் கொஞ்சம் இணங்கிவரும். சிந்தெடிக் அப்படி மாறாது. முதல் வாரம் பிடிக்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்தும் பிடிக்காது.

கேள்வி: இப்போது வைத்திருப்பது 26 மி.மீ. பேட்ஜர். சிந்தெடிக்கிலும் அதே அளவு வாங்கலாமா?

வேண்டாம், 24 போதும். இந்த மி.மீ. என்பது குஞ்சத்தின், அதாவது கைப்பிடியில் பொருத்திய இழைக்கட்டின், அடி விட்டம். சிந்தெடிக் குஞ்சங்கள் பெரும்பாலும் நெருக்கமாகக் கட்டியவை. 26 வாங்கினால் மூக்குக்குக் கீழே பூசுவதற்குள் காதுவரை நுரை போய்விடும். சிறிய முகமோ, மீசையை ஒட்டி வேலையோ இருந்தால் 22கூடச் சரி.

ஆனால் எல்லோரும் விட்டத்தையே பார்க்கிறார்கள், உயரத்தை விட்டுவிடுகிறார்கள். கைப்பிடியின் வாயிலிருந்து இழையின் நுனிவரை எத்தனை மி.மீ. என்பதுதான் பிரஷ்ஷின் குணத்தையே தீர்மானிக்கிறது. 24 மி.மீ. குஞ்சத்துக்கு 50 முதல் 53 வரை உயரம் இருந்தால் நடுத்தரம். 57, 58 என்று போனால் துவண்டு விழும், அழுத்தினால் துள்ளும். 47க்குக் கீழே வந்தால் கட்டையாக நிற்கும், விரியாது. விற்பவர் உயரத்தைக் குறிப்பிடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

நுனியின் வடிவமும் உண்டு. விசிறி மாதிரி பரந்தது கிண்ணத்தில் நுரை அடிப்பவர்களுக்கு. பல்பு மாதிரி குவிந்தது முகத்திலேயே நுரை கட்டுபவர்களுக்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மாறிவிட்டேன் அண்ணா, ஆனால் நுரை பெரிய பெரிய குமிழியாக வருகிறது. கண்ணாடியெல்லாம் தெறிக்கிறது. பிரஷ் மட்டமோ?

பிரஷ் மேல் தப்பில்லை, கைப்பழக்கம்தான். பேட்ஜரில் ஒரு உதறு உதறிவிட்டு சோப்பில் வைப்போம். மிச்சத் தண்ணீரை முடி தன்னிடமே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். சிந்தெடிக்கில் அந்தத் தண்ணீர் எல்லாம் ஒரேயடியாக இறங்கும், சோப்பு கரைந்து ஓடிவிடும்.

ஊறவைக்க வேண்டியதே இல்லை. நனைத்து, இனி சொட்டாது என்கிறவரை உதறுங்கள். கட்டி சோப்பு என்றால் லேசான அழுத்தத்தில் 20 நொடி சுற்றுங்கள். முதலில் வருகிற குமிழியைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். குமிழி அடங்கி, பசை மாதிரி திரண்டு இழைகளின் நுனி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் அடையாளம். அப்புறம் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, முகத்திலோ கிண்ணத்திலோ அடியுங்கள். மறுபடி தொட்டு, மறுபடி அடியுங்கள். மூன்று நான்கு முறையில் நுரை மினுமினுக்க ஆரம்பிக்கும். பிரஷ்ஷைத் தூக்கினால் மேலே ஒரு கூம்பு எழுந்து அதன் நுனி மட்டும் வளையும், கண்ணுக்குத் தெரிகிற குமிழி இருக்காது. கூம்பு வளையாமல் குத்திட்டு நின்றால் இன்னும் ஒரு சொட்டு தேவை. ட்யூப் க்ரீம் என்றால் சுண்டுவிரல் நகத்தளவு போதும், பேட்ஜருக்குப் போட்டதில் பாதி.

தெறிப்பதற்குக் காரணம் இழையின் துள்ளல். அழுத்திச் சுற்றாமல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போல மேலும் கீழும் பூசுங்கள்.

கேள்வி: பேட்ஜர் மாதிரியே கருப்புப் பட்டை போட்ட சிந்தெடிக் வருகிறதே, அது தரத்தில் உயர்ந்ததா?

சாயம். வேறொன்றும் இல்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது நிஜமாகவே பேட்ஜர்தானா என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

உதிர்ந்த ஓர் இழையைச் சாமணத்தில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். விலங்கு முடி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும், கருகிய முனை விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகி, முனையில் கெட்டியான மணி மாதிரி உருண்டுகொள்ளும். விலங்கு முடி என்று தெரியுமே தவிர எந்த விலங்கு என்று இது சொல்லாது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இந்த ஏமாற்று வேலை உயிரையே வாங்கியது. குதிரை முடியைச் சாயம் ஏற்றி பேட்ஜர் போல விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியிலிருந்து அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போர்வீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய் தொற்றியது. உங்கள் பிரஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

கேள்வி: பிரஷ்ஷுக்காக பேட்ஜரைக் கொல்கிறார்களா? இல்லை, முடியை மட்டும் வெட்டி எடுக்கிறார்களா?

கொன்றுதான் எடுக்கிறார்கள். ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது போன்ற வேலை இல்லை இது. சந்தைக்கு வரும் பேட்ஜர் முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் சட்டப்படி பேட்ஜர் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதனால் அங்கே செய்யப்படும் பிரஷ்ஷுக்கும் முடி வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2018இல் பீட்டா அமைப்பு சீனப் பண்ணைகளில் எடுத்த காட்சிகள் வெளியான பிறகு சில நிறுவனங்கள் பேட்ஜரை நிறுத்தின. மாறுவதற்கு இது ஒன்றே போதும் என்பவர்கள் உண்டு, அவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் கையில் ஏற்கெனவே இருப்பதைத் தூக்கி எறிவதால் எந்த பேட்ஜரும் பிழைக்கப்போவதில்லை.

கேள்வி: அப்பா பயன்படுத்திய பிரஷ். முடி பாதி போய்விட்டது, கைப்பிடியை விட மனசில்லை. அதில் சிந்தெடிக் குஞ்சம் பொருத்த முடியுமா?

தாராளமாக முடியும். தனிக் குஞ்சங்கள் அடியில் பிசின் கட்டியோடு விற்பனைக்கு வருகின்றன. பழைய முடியைக் கத்தரியால் கைப்பிடி வாய்வரை ஒட்ட வெட்டிவிடுங்கள். நடுவில் சிறிய துளையிட்டு, அதை மெல்ல மெல்லப் பெரிதாக்கிப் பழைய பசையை வெளியே எடுக்க வேண்டும். சுவரை நெருங்கும்போது டிரில்லை வைத்துவிட்டுக் கையாலேயே சுரண்டுங்கள், அவசரப்பட்டால் விளிம்பு பெயர்ந்துவிடும். கொம்பு, எலும்பு, பழைய பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் நீங்களாகத் தொடாமல், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. நீராவி காட்டிக் கழற்றும் வழியையும் சொல்வார்கள். மரக் கைப்பிடிக்கு அது ஆகாது.

குழியின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதைவிட அரை மி.மீ. குறைவான அடி கொண்ட குஞ்சத்தை வாங்குங்கள். உடனே ஒட்ட வேண்டாம். குழிக்குள் வாஷர்களை அடுக்கி, குஞ்சத்தை மேலே வைத்து, உலர்ந்த நிலையிலேயே முகத்தில் தேய்த்துப் பாருங்கள். ஒரு வாஷரை எடுத்தால் குஞ்சம் உள்ளே இறங்கி விறைப்பு கூடும், சேர்த்தால் மேலே வந்து மென்மையாகும். கடையில் வாங்கும் பிரஷ்ஷில் இல்லாத வசதி இது. மனசுக்குப் பிடித்த உயரம் வந்ததும் மெதுவாக இறுகும் எபாக்ஸி பசையில் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

கேள்வி: சவரம் முடித்ததும் முகம் சொரசொரவென்று தேய்க்கப்பட்ட உணர்வு வேண்டும். சிந்தெடிக்கில் வருமா?

வழக்கமான மென்னுனி இழைகளில் வராது. பன்றி முடியைப் போலச் செய்த ஒமேகாவின் எஸ்-பிரஷ்ஷைப் பாருங்கள். பன்றி முடியைத் தொட விரும்பாதவர்களுக்கும் அது ஒரு வழி. முகத்தில் பரு இருக்கிறவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

கேள்வி: விலை கூடிய சிந்தெடிக் வாங்கினால் நுரையும் நன்றாக வருமா?

ஓரளவுக்கு மேல் நீங்கள் கொடுப்பது கைப்பிடிக்குத்தான். குஞ்சங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஈரக்கையில் வழுக்காமல், அடியில் கொஞ்சம் கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பராமரிப்பு? ஸ்டாண்டில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா?

அலசி, உதறி, துண்டில் நாலு இழுப்பு இழுத்து நிற்க வைத்தால் போதும், பேட்ஜரைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். பயணத்துக்கு அதனால்தான் இது வசதி. கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், உள்ளே இருக்கும் பசை விட்டுப்போகும். உப்புத் தண்ணீரால் இழையின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், நீர்த்த வினிகரில் சில நிமிடம் வைத்து அலசுங்கள்.

கேள்வி: பழைய பேட்ஜரை ஞாபகத்துக்கு எடுத்து வைக்க ஆசை. ஏதாவது செய்ய வேண்டுமா?

சோப்பு மிச்சமில்லாமல் அலசி, இரண்டு மூன்று நாள் காற்றாடக் காயவிட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். கம்பளியை அரிக்கிற அந்துப்பூச்சிப் புழு இந்த முடியையும் விடாது, டப்பாவை அவ்வப்போது திறந்து பாருங்கள். பக்கத்தில் சிந்தெடிக் இருந்தால் அதை ஒன்றும் செய்யாது.