பூஞ்சை படர்ந்த சுவருக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய் திடீரென்று வெடித்து, அடுத்த அறையும் நனைந்துவிட்டது. அன்றே குழாயை மாற்றினோம். சில வாரங்கள் கழித்து அலமாரியை நகர்த்தியபோது, பின்சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சைக்குக் காப்பீடு இல்லை என்று கூறி நிறுவனம் எங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டது. இனி வழியுண்டா?
- வாசகி ஒருவர்

பதில்: உண்டு. பெரும்பாலான வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில், அதாவது இழப்பீடு தரப்படாதவற்றின் பட்டியலில், பூஞ்சையும், மரம் உளுத்தல், துரு, தேய்மானம் ஆகியவற்றோடு சேர்ந்து இடம்பெறுவது உண்மைதான். ஆனால், அந்த விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். காப்பளிக்கப்பட்ட நீர்ச்சேதத்தால் தோன்றிய பூஞ்சைக்கு விதிவிலக்கு தரப்பட்டிருந்தால், குழாய் திடீரென வெடித்ததே மூலகாரணம் என்ற அடிப்படையில் நீங்கள் இழப்பீடு கோரலாம். எக்காரணத்தால் வந்தாலும் பூஞ்சைக்குப் பொறுப்பில்லை என்று இருந்தால், பூஞ்சையை அகற்றும் செலவைப் பெறுவது கடினம். அப்போதும் தண்ணீரால் நேரடியாகக் கெட்டுப்போன பூச்சு, தரை, மரச்சாமான்கள் ஆகியவற்றுக்கான கோரிக்கை தனியே நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் கட்டி மறுப்பது முறையன்று என்பதே என் உறுதியான கருத்து. சில பாலிசிகளில் பூஞ்சைக்கென்று தனி உச்சவரம்பு இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

நிறுவனம் அடுத்து எழுப்பக்கூடிய வாதம், கசிவு நெடுநாளாக இருந்தது என்பதோ, நீங்கள் சரியாக உலர்த்தவில்லை என்பதோ ஆகும். ஈரமான பொருளில் 24 முதல் 48 மணி நேரத்திற்குள்ளேயே பூஞ்சை வளரத் தொடங்கிவிடும் என்பதால், இந்த வாதத்தை இலேசாக எண்ணிவிட முடியாது. வெடித்த குழாய்த் துண்டு, பழுதுபார்த்தவரின் ரசீது, தேதியுடன் கூடிய படங்கள், மின்விசிறி வைத்தோ ஈரம் உறிஞ்சும் கருவி வைத்தோ உலர்த்தியதற்கான சான்று என எது கிடைத்தாலும் திரட்டுங்கள். வெளியே காய்ந்து தெரிந்த சுவரின் உட்புறத்தில் ஈரம் தங்கியிருந்தது என்று கட்டடப் பொறியாளர் ஒருவர் எழுத்தில் தந்தால், அது உங்கள் தரப்புக்குப் பெரும் வலுச்சேர்க்கும். தயவுசெய்து பூஞ்சையின் மேல் சாயம் பூசி மறைத்துவிடாதீர்கள். சான்றும் அழியும், அடியில் பூஞ்சையும் வளரும். அதற்காகச் சேதத்தைப் பார்வையிட நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வரும்வரை சுவரை ஈரமாகவே விட்டுவைக்கவும் கூடாது, சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை. படமெடுத்த பின் உலர்த்துங்கள்.

எந்தப் பிரிவின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்துவழியே கேட்டுப் பெற்று, மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். அங்கும் பயனில்லையெனில், காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். முறையிடுவதற்குக் காலக்கெடு உண்டு என்பதால், மறுப்புக் கடிதத்தின் தேதியை இன்றே பாருங்கள்.