கீமோவுக்குப் பின் கவுண்ட் இறங்கினால்: கேள்வி பதில்

புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கும்பகோணத்தில் வசிக்கிறேன். கீமோ எடுப்பவர்களின் வீட்டார் இந்த வாரம் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கவுண்ட் என்று நாம் சொல்வது ரத்த அணுக்களின் எண்ணிக்கையை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

மன்னார்குடி: சிஸ்டர், அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்து இன்று பத்தாம் நாள். வெள்ளை அணு 1,800 என்று வந்திருக்கிறது. தினமும் மாதுளையும் பீட்ரூட்டும் கொடுத்தும் ஏறவில்லையே?

பதில்: மாதுளையின் மேல் குற்றமில்லை தம்பி. வேகமாகப் பெருகும் செல்களையே கீமோ மருந்து தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் இரவு பகலாக ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களும் அதில் அகப்பட்டுக்கொள்கின்றன. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் அதன் குறைவு மெல்லத்தான் தெரியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுவின் (பிளேட்லெட்) ஆயுள் எட்டுப் பத்து நாள். நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுவின் ஆயுளோ மிகக் குறுகியது என்பதால், முதலில் இறங்குவது அதுதான். பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் கவுண்ட் அடிமட்டத்தைத் தொட்டு, மூன்று நான்கு வாரத்தில் தானாகவே மீளும். அம்மா இப்போது அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார். பீட்ரூட்டும் முருங்கைக்கீரையும் சத்துக் குறைவால் வரும் சோகைக்கு ஓரளவு உதவலாமே தவிர, அடிபட்ட மஜ்ஜையை அவசரப்படுத்த மாட்டா. நன்றாக வேகவைத்த முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றைக் கொடுங்கள்; உடல் தளராமல் இருக்கும்.

ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கைக்குக் கீழே நியூட்ரோபில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அது 30 என்றால், 1,800-இல் 540. நீங்கள் கவனிக்க வேண்டிய எண் இந்த 540தான். 500-க்குக் கீழே போனால் கிருமித் தொற்றின் ஆபத்து மிகவும் கூடிவிடும்.

பட்டுக்கோட்டை: கவுண்ட் ஊசி போட்டதிலிருந்து மனைவிக்கு இடுப்பெலும்பில் குடைச்சல். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். வெள்ளை அணு பெருகுவதற்காக நம் உடலே சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதத்தைப் போல ஆய்வகத்தில் தயாரித்த மருந்து அது; ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மஜ்ஜை மும்முரமாக வேலை செய்யும்போது இடுப்பும் முதுகும் வலிப்பது வழக்கம். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழிந்த பிறகே இந்த ஊசியைத் தொடங்குவார்கள். முந்திப் போட்டால் புதிதாகப் பெருகும் செல்களும் மருந்துக்கு இரையாகும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் வெப்பமானி வைத்துப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் மாத்திரை அதை மறைத்துவிடும்.

ஊசி மருந்தைத் தஞ்சாவூரில் வாங்கி, ஐஸ் கட்டிக்குள் புதைத்துப் பஸ்ஸில் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் வையுங்கள். வீட்டில் ஃப்ரீசருக்குள்ளும் வைக்காதீர்கள்.

கும்பகோணம்: அப்பாவுக்குத் தட்டணு 8,000. வெளியார் ரத்தத்தைவிட மகன் என் ரத்தம்தானே நல்லது?

பதில்: தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பாசத்துக்குப் பொருந்தும், தட்டணுவுக்குப் பொருந்தாது. நெருங்கிய உறவினர் ரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்களை நோயாளியின் உடல் அந்நியமென்று அடையாளம் காணாமல் விட்டுவிடும். அவை அங்கே தங்கிப் பெருகி அவர் உடலையே தாக்கக்கூடும். அரிதாகத்தான் நேரும் என்றாலும், நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் தப்பாது. அதைத் தடுக்கவே கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தத்தைக் கேட்பார்கள். பின்னால் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால், உறவினர் ரத்தத்தை முன்கூட்டி ஏற்றாமல் இருப்பதே நல்லது. தட்டணு 10,000-க்குக் கீழே போனால் கசிவு இல்லாவிட்டாலும் ஏற்றுவதே வழக்கம்; அது சில நாளே நிற்கும் என்பதால், மறுபடி ஏற்ற நேர்ந்தால் பயப்படாதீர்கள். சாதாரணமாக ஐந்து நாளுக்கு மேல் தட்டணுவைச் சேமித்துவைக்க முடியாது. எனவே நீங்கள் ரத்த வங்கியில் கொடுப்பது வேறொருவருக்கு உடனே உதவும்.

திருவையாறு: பப்பாளி இலைச் சாறு?

பதில்: வேண்டாம். டெங்குவுக்குச் சொல்லப்படுவது கீமோவுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கவுண்ட் இறங்கிய நேரத்தில் பச்சை இலையை அரைத்துக் குடிப்பது கிருமிக்கும் வழிவிடும்.

திருத்துறைப்பூண்டி: சம்பா நடவு நடக்கிறது. கணவர் வயலுக்குப் போகலாமா?

பதில்: வரப்பில் நின்று ஆட்களிடம் பேசிவிட்டு வரட்டும். சேற்றில் இறங்க வேண்டாம். ஈர மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றுநோயின் கிருமி வாழ்கிறது. காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் நுழைந்துவிடும். வைக்கோல் போரைப் பிரிக்கும்போது பூஞ்சைத் தூசி பறக்கும், அந்தப் பக்கமும் வேண்டாம்.

நாகப்பட்டினம்: இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் 101. மாத்திரை கொடுத்துவிட்டுக் காலையில் போகலாமா?

பதில்: காலை வரை காத்திருக்கவே கூடாது. கீமோ எடுப்பவருக்கு 100.4 தொட்டாலே அவசரம்தான். வெள்ளை அணு இல்லாத உடலில் சீழ், வீக்கம் போன்ற அறிகுறிகள் தெரியாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கக்கூடும். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். கீமோ ஃபைலை எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். அவசரப் பிரிவில் வெறும் காய்ச்சல் என்று சொல்லாமல், "கீமோ ஏறி இத்தனையாவது நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள்.