அமெரிக்காவில் சின்ன ஊர்களில்கூட 150 வருட வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றனவே, இடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

சட்டத்துக்கு அவ்வளவு பெருமை கொடுக்க வேண்டாம். 1966 சட்டத்தின் கீழ் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதில் வீடு ஏறிவிட்டால் ஆணிகூட அடிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சொந்தக் காசைப் போட்டு வேலை பார்க்கும் வீட்டுக்காரரை அது தடுக்காது, இடித்தாலும்கூட. தடுப்பதென்றால் நகராட்சி தனியாகப் போட்ட விதிதான் தடுக்க வேண்டும். அது ஊருக்கு ஊர் வேறு. மத்திய அரசின் 20 சதவீத வரிச் சலுகையும் வாடகைக்கோ கடைக்கோ விட்டு வருமானம் பார்க்கும் கட்டடத்துக்குத்தான், நாம் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

பிறகு எப்படித் தப்பித்தன? பாதி, ஊர் நொடித்துப்போனதால். மிச்சிகனில் இருக்கும் மார்ஷலையே எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டிலிருந்து சிகாகோ போகிற வழியில், ஏழாயிரம் பேர் வாழும் ஊர். 850 கட்டடங்களுக்கு மேல் கொண்ட அதன் பழைய பகுதி 1991-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது.

மாநிலத் தலைநகரம் தங்களுக்குத்தான் என்று அந்த ஊர் ஒரு காலத்தில் அடித்துச் சொன்னது. ஜேம்ஸ் ரைட் கார்டன் என்ற அரசியல்வாதி 1839-ல் ஆளுநர் மாளிகையையே கட்டி வைத்துவிட்டார். 1847-ல் தலைநகரம் லான்சிங்குக்குப் போனது. கொஞ்ச காலம் சோறு போட்ட ரயில் பட்டறைகளும் 1870களில் ஜாக்சனுக்குப் போய்விட்டன. பழையதைத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டும் அளவுக்கு அங்கே யார் பணத்தைக் கொட்டப்போகிறார்கள்?

அங்கே எனக்குப் பிடித்தது ஹொனலூலு ஹவுஸ். மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த அப்னர் பிராட், ஹவாயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்துவிட்டுத் திரும்பி 1860-ல் கட்டிய வீடு. தரையிலிருந்து நன்றாக உயர்த்திய தளம், முகப்பு முழுக்க அகலமான திறந்த தாழ்வாரம், உச்சியில் ஒரு கோபுரம். கடல் காற்று வாங்குவதற்கான அமைப்பு. இருப்பதோ முழங்கால் அளவு பனி கொட்டும் ஊரில்! அந்தக் குளிரிலும் மனிதர் தீவு உடையிலேயே திரிந்தார் என்று ஊரில் ஒரு கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சரி, மீதிப் பாதி? அது ஒரு தனி மனிதர். 1920களில் மேயராக இருந்த ஹரால்ட் புரூக்ஸ், வசதியுள்ளவர். ஆபத்தில் இருந்த கட்டடங்களைத் தன் காசில் ஒவ்வொன்றாக வாங்கிக் காப்பாற்றினார். 1951-ல் ஹொனலூலு ஹவுஸுக்கு இடிபடும் நிலை வந்தபோது அதையும் வாங்கினார். இப்போது அது அருங்காட்சியகம். இப்படி ஒருவர் கிடைக்காத ஊர்களில் அதே வயது வீடுகள் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டன, பதிவேடு இருந்தும்.

பார்க்க ஆசை இருந்தால் செப்டம்பரில் போங்கள். வருடாந்திர வீட்டுச் சுற்றின்போது டிக்கெட் வாங்கினால், ஆட்கள் குடியிருக்கும் வீடுகளுக்குள்ளேயே விடுவார்கள்.