ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகள் ஐந்தாவது முடிக்கிறாள். ஊரிலேயே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு கல்லூரி வரை கூடவே வரும். அதனால் பன்னிரண்டாவதை மனதில் வைத்து யோசியுங்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் அது வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. சில பெற்றோர் பத்தாவது மார்க்கைப் பார்த்துவிட்டு, ‘ரெண்டு வருஷம்தானே’ என்று தனியாருக்கு மாற்றுகிறார்கள். ஒதுக்கீடு போனது கவுன்சலிங் சமயத்தில்தான் தெரிகிறது. பார்க்கவே வேதனையாக இருக்கும்.

சரி, சலுகைக்காக மட்டும் சேர்க்க முடியுமா? முடியாது. பள்ளிக்கு நேரில் போங்கள். பதினொன்று, பன்னிரண்டுக்குக் கணிதம், இயற்பியல் ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டில் தூசி படிந்து, சிங்க் காய்ந்து கிடந்தால் பிள்ளைகள் அங்கே வருவதே இல்லை என்று அர்த்தம். பெண் பிள்ளைகளுக்கான கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால், தினமும் 40 கிலோமீட்டர் வேனில் அலைய வைப்பதைவிட ஊர்ப் பள்ளியே மேல். எட்டாவதில் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ். தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை.

கேள்வி: ஆர்.டி.இ. இடத்தில் (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் கட்டணமில்லாமல் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடம்) எல்.கே.ஜி. சேர்த்தால் பன்னிரண்டாவது வரை கட்டணம் இல்லையா?

பதில்: எட்டாவது வரைதான். அப்புறம் முழுக் கட்டணம். ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றி அங்கேயே பன்னிரண்டாவதை முடித்தால், இந்தப் பிள்ளைகளுக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். பலருக்கு இது தெரியாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 25 சதவீத விதி பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். வேன், சீருடைச் செலவு எவ்வளவு என்று சேர்க்கும்முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழியும் இருக்கிறது. எதில் சேர்ப்பது?

பதில்: பிள்ளையிடம் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். எந்த மொழியில் தடங்கலில்லாமல் சொல்ல வருகிறதோ அதில் அறிவியல் படிக்கட்டும். ஆங்கிலத்தைப் பாடமாக நன்றாகக் கற்றுக்கொள்ளத் தமிழ் வழி தடையில்லை. அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்றிதழ் கேட்பார்கள். நடுவில் மாற்றும்முன் இதையும் யோசியுங்கள்.

கேள்வி: பத்தாவது முடித்த மகன் பாலிடெக்னிக் போகிறேன் என்கிறான். தடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று ஆண்டு டிப்ளமோ முடித்தால் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையால் வேலை செய்வதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நல்ல வழி.

கேள்வி: ஆறாவது படிக்கும் மகனை அரசுப் பள்ளிக்கு மாற்ற வேண்டும். கட்டண பாக்கியைக் காட்டி டி.சி. தர மறுக்கிறார்கள்.

பதில்: கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, டி.சி.யை உடனே தர வேண்டும் என்கிறது. டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆதார், பிறப்புச் சான்றிதழோடு தலைமையாசிரியரைப் பாருங்கள், பையன் நாளையிலிருந்தே வகுப்புக்குப் போகட்டும். கூடவே மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.